இடக்கையின் ஆசிரியர்

1948-ம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக் பந்தயங்கள் என்றவுடன் நம் நாட்டவர் நெஞ்சில் முதலில் எழுவது ஹாக்கி வெற்றிதான். சுதந்தரம் பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில தினங்களே இருக்கையில், ஆகஸ்டு 12-ந் தேதி, வெம்ப்லி மைதானத்தில் பிரிட்டிஷ் அணிக்கு எதிராக நாலு கோல் போட்டு, ஒரு கோலும் வாங்காமல் நம்மவர் வென்றனர். அந்த மகிழ்ச்சி ஆரவாரத்தில், அதே விழாவின் இன்னொரு மூலையில் நிகழ்ந்த ஒரு காரியம் நம் காதுக்கு எட்டாமல் போனதில் வியப்பில்லை.

லண்டனுக்குத் தென்மேற்கே ஸர்ரே மாவட்டத்தில் பிஸ்லி என்று ஓர் ஊர் உண்டு. துப்பாக்கி சுடுவதற்கென்றே பெயர் பெற்ற ஊர் அது. லண்டன் ஒலிம்பிக்கின் சுடும் போட்டிகள் அங்கேதான் நடைபெற்றன. அங்கே, முப்பத்தெட்டு வயதான ஹங்கேரி நாட்டுச் சிப்பாய் ஒருவர் இடது கையில் கைத்துப்பாக்கியை ஏந்தி நின்றார். அறுபது குண்டுகள் சுட்டார். அறுநூறு புள்ளிகளுக்கு 580 புள்ளிகள் பெற்றார். அதுவரை உலகில் எவரும் அவ்வளவு புள்ளிகள் பெற்றதில்லை. தங்கப் பதக்கம் அவருடையதாயிற்று.

இடது கையால் சுடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே, இதில் என்ன அதிசயம் என்று நேயர்கள் கேட்கலாம். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவராகப் பிறந்தவரல்லர். பத்து வருஷங்களுக்கு முன்பு வரையில் வலது கையால் சுட்டு வந்தவர். அந்த வலது கை வெடிகுண்டினால் சிதைந்து போயிற்று. எஞ்சிய கைக்குத் தாமே ஆசிரியராக இருந்து அரிச்சுவடியிலிருந்து பாடம் சொல்லிக் கொடுத்தார் அவர். காரோய் டாகாச் என்பது அவர் பெயர். 1976-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி அவர் காலமானார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகியும், உலகத்தில் எங்கே துப்பாக்கிப் போட்டிக்காரர்கள் நாலு பேர் கூடினாலும் அவருடைய கதை எழாமல் இருப்பதில்லை.

வாசல் அடைத்த பதவி

1910-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் டாகாச் பிறந்தார். ராணுவத்தில் சேர்ந்து சார்ஜெண்ட் ஆனார். கைத்துப்பாக்கி சுடுவதில் அவருக்கு இயல்பாகவே ஒரு நிதானம் அமைந்திருந்தது. 1936-ல் பெர்லினில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த சமயம் அவருக்கு வயது இருபத்தாறு. ஐரோப்பாவின் சிறந்த சுடுவோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்க திறமையும் அப்போது அவரிடம் இருந்தது. ஆனால் பெர்லினுக்கு அவர் போகவில்லை.

காரணம் கையிலும் இல்லை, கண்ணிலும் இல்லை, தோள்பட்டையில் இருந்தது. ராணுவத்திலிருந்து ஒலிம்பிக் போட்டிக்குப் போகிறவர் ஆபீஸராக இருக்க வேண்டும் என்பது அன்றைய ஹங்கேரி ராணுவத்தின் விதி. சார்ஜெண்ட் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் சார்ஜெண்டே. அவருக்கு அந்த வாசல் திறக்காது.

நம் பாரதக் கதையை அறிந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஏகலவ்யன் நினைவு வராமல் இராது. வேடர் குலத்துப் பிள்ளை என்று துரோணர் அவனைச் சீடனாக ஏற்க மறுத்தார். அவனோ காட்டுக்குப் போய், மண்ணால் குருவின் உருவம் செய்து வைத்துக்கொண்டு, தானே வித்தை பயின்றான். பிறகு அவன் வலது கைக் கட்டைவிரலும் குருதட்சிணை என்ற பெயரால் பறிபோயிற்று. குலம் அங்கே செய்த வேலையைப் பதவி இங்கே செய்தது. பின்னால் கைக்கு நேர்ந்த சேதத்திலும் இரு கதைகளும் ஒத்துப் போவதைப் பார்க்கும்போது நமக்கு ஒரு கணம் உடல் சிலிர்க்கிறது.

நல்ல வேளையாக, பெர்லின் பந்தயங்களுக்குப் பிறகு ஹங்கேரியில் அந்த விதி நீங்கிற்று. அடுத்த ஒலிம்பிக் 1940-ல் டோக்கியோவில் என்று அறிவித்திருந்தார்கள். அப்போது தமக்கு முப்பது வயது இருக்கும், சுடுவோனுக்கு அது நல்ல பருவம், என்று டாகாச் அதை நோக்கிப் பயிற்சி செய்து வந்தார்.

ஒரு கணத்தில்

1938-ல் ராணுவப் பயிற்சி ஒன்றின்போது அந்த விபத்து நேர்ந்தது. பழுதுள்ள கையெறிகுண்டு ஒன்று, எறிவதற்கு முன்னால் அவருடைய வலது கையிலேயே வெடித்துவிட்டது. உயிர் தப்பியது. சுட்டுப் பழகிய கை சிதைந்து பயனற்றுப் போயிற்று. ஒரு மாத காலம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரே தாவாகத் தாவி, "மனம் தளராமல் இடக்கையால் பழகினார்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடக்கும் வேலை எத்தகையது என்பதைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். இதை எழுதுகிறவன் பள்ளி ஆசிரியன். கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் .22 துப்பாக்கியைத் தரையில் படுத்தபடி சுட்டுப் பழகியதற்கு மேல் அந்த வித்தையில் பெரிய தேர்ச்சி உடையவனல்லன். ஆயினும் அந்த அற்பப் பழக்கமே, தாக்குப்பிடித்து நிற்காத கை என்பது எவ்வளவு பெரிய சங்கடம் என்று உணர்த்தப் போதுமானதாயிருந்தது.

கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒரே கையால்தான் சுட வேண்டும். நின்ற நிலையில், கையை முழுவதும் நீட்டி, எதன்மேலும் சாய்த்துக்கொள்ளாமல் சுட வேண்டும். மனிதனுடைய கை ஒரு நாளும் அசையாமல் நிற்பதில்லை. மூச்சு அதை அசைக்கிறது; நாடித் துடிப்பு அதை அசைக்கிறது. துப்பாக்கியின் நுனியில் சிறு முளை ஒன்று நிற்கிறது. பின்புறத்தில் பள்ளம் வெட்டிய தகடு ஒன்று இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் நட்ட நடுவில், மேல்விளிம்புக்குச் சமமாக, முளை தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 22 சென்டிமீட்டர். முளை ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்தில் உள்ள இலக்கில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும். கணக்கு இவ்வளவு கடுமையானது.

துரோணர் கேட்டபோது, மரத்தில் இருந்த பறவையின் கழுத்து மட்டுமே தெரிகிறது என்று அர்ஜுனன் சொன்னதாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கைத்துப்பாக்கி வித்தையில் பாடம் வேறு. கண் ஒரே சமயத்தில் அருகிலும் தூரத்திலும் தெளிவாகப் பார்க்க இயலாது. ஆகையால் சுடுகிறவன் தன் பார்வையைத் துப்பாக்கி நுனியிலுள்ள முளையின்மேல் நிறுத்துகிறான். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். எட்ட இருப்பதன்மேல் ஆசை வைத்துக் கண்ணை அங்கே ஓடவிட்டவன் குறி தவறுவான். தன் கையில் உள்ளதைச் சரியாக வைத்துக்கொண்டவனுக்கே இலக்கு வசப்படும்.

இனி விரலைப் பார்ப்போம். துப்பாக்கியின் குதிரை என்று நம்மவர் சொல்லும் விசையை ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும், மற்ற நான்கு விரல்களுக்கும் செய்தி தெரியாதபடி, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். ஐந்து விரல்களும் சேர்ந்து பிடியை நெருக்கினால் குறி கலைந்துவிடும். இந்தப் பிரிவினை வருஷக்கணக்கான பழக்கத்தால் வருவது. வலது கையால் எழுதுகிறவர்கள் ஒரு நிமிஷம் பேனாவை இடது கைக்கு மாற்றித் தம் பெயரை எழுதிப் பார்த்தால், டாகாச் எந்த இடத்திலிருந்து தொடங்கினார் என்பது விளங்கும்.

கை மட்டும் மாறினால் போதாது. கால்கள் நிற்கும் நிலை மாற வேண்டும். தோளும் இடுப்பும் எதிர்ப்புறம் திரும்ப வேண்டும். சாதாரணமாக வலக்கைக்காரருக்கு வலது கண்ணே தலைமை வகிக்கும். இடக்கையில் துப்பாக்கியைப் பிடித்தால் கண்ணுக்கும் கைக்கும் புதிய உறவு ஏற்பட வேண்டும். வலது கைக்கென்று செதுக்கிய பிடி இடது கையில் உட்காராது. துப்பாக்கியில் தோட்டாக்களை அடைப்பதற்குக்கூட இரு கை வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெரிய ஆறுதல் இருந்தது. வலது கை போனபோது அது அறிந்திருந்ததெல்லாம் அதனோடு போய்விடவில்லை. முளையைப் பார்க்கக் கற்ற கண் இருந்தது. எந்த நொடியில் விசையை அழுத்துவது என்ற காலக்கணக்கு மனத்தில் இருந்தது. ஒரு குண்டு தவறினால் அடுத்த குண்டுக்குள் அதை மறந்துவிடும் அடக்கமும் இருந்தது. வித்தை கைக்கு அப்பாலும் குடியிருக்கிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே டாகாசுக்குள் ஒரு தேர்ந்த ஆசிரியரும் ஒன்றும் அறியாத மாணவனும் ஒருங்கே இருந்தனர். ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். மாணவனுக்கு வெட்கம் கூடாது. இரண்டும் அவரிடம் அமைந்திருந்தன.

இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தனியே பயின்றார்.

1939-ம் வருஷத்து வசந்தம்

விபத்து நடந்த மறு வருஷம், வசந்த காலத்தில், ஹங்கேரி நாட்டுக் கைத்துப்பாக்கிப் போட்டி நடந்தது. அங்கே டாகாச் வந்து சேர்ந்தார். பழைய தோழர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அனுதாபம் சொன்னார்களாம். இப்படிப்பட்ட துன்பத்திலும் நம்முடைய ஆட்டத்தைப் பார்க்க வந்தாரே என்று நெகிழ்ந்தார்களாம். பார்க்க வரவில்லை, போட்டியிட வந்திருக்கிறேன் என்று டாகாச் சொன்னார் என்பது சுடுவோரிடையே வழங்கி வரும் செய்தி. வார்த்தைகள் எப்படி இருந்தாலும் முடிவில் சந்தேகம் இல்லை. அந்தப் போட்டியில் முதல்வராக வந்தவர் அவரே. அதே வருஷம் ஸ்விட்சர்லாந்தில் லூஸெர்ன் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஹங்கேரி அணி பட்டம் வென்றபோது அந்த அணியிலும் அவர் இருந்தார்.

கை தேறிவிட்டது. ஆனால் உலகத்துக்கு நோய் வந்துவிட்டது. 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. 1940-ம் வருஷத்து ஒலிம்பிக் இல்லை. 1944-லும் இல்லை. அந்த வருஷக் கடைசியில் தொடங்கிய முற்றுகையில் புடாபெஸ்ட் நகரமே இடிபாடாயிற்று. இருபத்தாறாம் வயதில் பதவி தடுத்தது. முப்பதிலும் முப்பத்து நாலிலும் யுத்தம் தடுத்தது. மூன்று ஒலிம்பிக்குகள் அவர் கண்ணெதிரே கடந்து போயின. கை போன துக்கத்தை ஒரே வருஷத்தில் வென்றவர், போட்டியிட ஓர் இடம் கிடைப்பதற்கு அதற்கு மேலும் ஒன்பது வருஷம் காத்திருந்தார். இரண்டில் எது கடினம் என்று கேட்டால், காத்திருந்ததுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

நான்கு விநாடிப் பரீட்சை

டாகாச் போட்டியிட்ட பிரிவுக்குத் துரிதச் சுடுதல் என்று பெயர். அதன் முறையை அறிந்தால்தான் பிஸ்லியில் அவர் செய்தது இன்னதென்று புலனாகும்.

அந்நாளில் 25 மீட்டர் தூரத்தில் ஐந்து ஆள் உருவங்கள் வரிசையாக நிற்கும். தொடக்கத்தில் அவை பக்கவாட்டில் திரும்பியிருக்கும். விளிம்பு மட்டுமே தெரியும். சுடுகிறவன் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்தபடி காத்திருப்பான். சட்டென்று ஐந்து உருவங்களும் முகம் காட்டித் திரும்பும். உடனே கையை உயர்த்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு வீதம் ஐந்து குண்டுகள் சுட்டாக வேண்டும். முதலில் அதற்கு எட்டு விநாடி அவகாசம். பிறகு ஆறு விநாடி. பிறகு நான்கே விநாடி. அவகாசம் முடிந்ததும் உருவங்கள் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடும். தாமதித்தவன் குண்டு வீண்.

நான்கு விநாடிக்குள் கையை உயர்த்தி, குறி பார்த்து, சுட்டு, அதிர்ச்சியில் எழும்பிய துப்பாக்கியை அடக்கி, அடுத்த உருவத்துக்கு நகர்த்தி, மறுபடி சுட்டு, இப்படி ஐந்து முறை. ஒரு குண்டுக்கு ஒரு விநாடிகூட இல்லை. யோசிக்க நேரம் இல்லாத அந்த இடத்தில், கைக்குள் ஊறிப் போன பழக்கம் ஒன்றே துணை. கட்டைவிரல் போன பிறகு எஞ்சிய விரல்களால் ஏகலவ்யன் அம்பு எய்தான் என்றும், பழைய வேகம் மட்டும் அவனுக்கு வரவில்லை என்றும் பாரதம் சொல்லும். டாகாச் இழந்த கைக்குப் பதில் மாற்றுக் கையோடு வந்து நின்றதோ வேகமே உயிரான பரீட்சையில்!

பிஸ்லியில் அவரோடு போட்டியிட்டவர்களில் முதன்மையானவர் அர்ஜென்டினா நாட்டவர். என்ரிக்கே தியாஸ் சயென்ஸ் வாலியெந்தே என்று பெயர். அதற்கு முந்திய வருஷம் உலகப் பட்டம் பெற்றவர். தங்கம் அவருக்கே என்று பலர் எண்ணியிருந்தனர். போட்டிக்கு முன்னால் அவர் டாகாசைக் கண்டு, லண்டனுக்கு எதற்காக வந்தீர்கள் என்று வினவினார். கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றார் டாகாச்.

முடிவில் டாகாசுக்கு 580 புள்ளி. சயென்ஸ் வாலியெந்தேக்கு 571. ஸ்வீடன் நாட்டு லுண்ட்குவிஸ்டுக்கு 569. இரண்டாம் இடத்துக்கு நின்ற அர்ஜென்டினாக்காரர் டாகாசிடம் வந்து, நீங்கள் போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வாழ்த்தினார்.

இந்தச் சம்பாஷணை உலகம் முழுவதும் பரவிவிட்டது. பெரும்பாலோர் இதை நகைச்சுவையாகவே ரசிக்கிறார்கள். இருவர் பேச்சிலும் உள்ள மரியாதையை நாம் கவனிக்க வேண்டும். டாகாச் சொன்னது பொய்ப் பணிவு அன்று. பத்து வருஷமாக அவர் செய்து வந்த தொழில் அதுவே. மற்றவரோ தோற்றுப் போன வேளையிலும் அந்த விடையை மறக்காமல் வைத்திருந்து, வென்றவருக்கே மாலையாகச் சூட்டினார். துப்பாக்கிப் போட்டியில் எதிரி என்று எவரும் இல்லை. பக்கத்தில் நிற்பவர் உங்கள் குறியைக் கெடுக்க முடியாது. நீங்களும் அவர் குறியைக் கெடுக்க முடியாது. அவரவர் இலக்கும் அவரவர் கையும்தான். அதனால்தான் சுடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் நினைவுகூரும்போது புள்ளிக் கணக்கோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவர் எப்படி நின்றார், எப்படிப் பேசினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஒரு புள்ளி

நான்கு வருஷம் கழித்து, 1952-ல், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் கூடிற்று. டாகாசுக்கு வயது நாற்பத்திரண்டு. இந்தத் தடவை அவருக்கு வந்த பெரும் சவால் அயல் நாட்டிலிருந்து வரவில்லை. சிலார்ட் குன் என்ற பதினேழு வயதுப் பையன் அவருக்கு இணையாகச் சுட்டான். அவன் ஹங்கேரி நாட்டவன். டாகாசிடமே பயிற்சி பெற்றவன்!

தம் இடக்கைக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை அவர் வேறொருவன் வலக்கைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார் என்று நாம் அழகுக்காகச் சொல்லிக்கொள்ளலாம். குன் எந்தக் கையால் சுட்டான் என்பது இங்கே முக்கியம் அன்று. டாகாசின் பாடம் எந்தக் கையிலும் ஏறக்கூடியது என்பதே முக்கியம். இயற்கையாகவே ஒரு திறமை வாய்த்தவனுக்குத் தான் எப்படிச் செய்கிறோம் என்பது பல சமயம் தெரிவதில்லை. ஆகையால் பிறருக்குச் சொல்லவும் வராது. டாகாசோ ஒரு தடவை எல்லாவற்றையும் இழந்து, ஒவ்வொரு படியாக எண்ணி எண்ணி மறுபடி ஏறியவர். எந்தப் படியில் கால் வழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். அப்படி ஏறியவரே பிறரைக் கைகொடுத்து ஏற்றவும் தகுதி பெறுகிறார்.

ஹெல்சிங்கி முடிவு இது: டாகாச் 579. குன் 578. ருமேனியாவின் லிக்கியார்டோபோலும் 578. நம் பழைய நண்பர் சயென்ஸ் வாலியெந்தே 577. அறுபது குண்டுகளுக்குப் பிறகு நால்வருக்கும் இடையே இரண்டே புள்ளி வித்தியாசம்! சமமாக வந்த இருவரில் குன்னுக்கு வெள்ளியும் ருமேனியருக்கு வெண்கலமும் கிடைத்தன. துரிதச் சுடுதலில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் மனிதர் என்ற பெருமை டாகாசுக்கு உண்டாயிற்று.

ஆசிரியத் தொழிலில் உள்ள எவரும் அந்த ஒரு புள்ளியைப் பற்றி வெகுநேரம் யோசிக்கக்கூடும். மாணவன் ஜயிக்க வேண்டும் என்றே ஆசிரியர் உழைக்கிறார். ஆனால் அவன் பக்கத்திலேயே நின்று போட்டியிடும்போது விட்டுக் கொடுத்தால், அது அவனுக்குச் செய்யும் அவமதிப்பு ஆகிவிடும். டாகாச் தம்மிடம் இருந்ததை ஒளிக்காமல் கொடுத்துமிருந்தார். போட்டியில் ஒரு புள்ளியும் தளர்த்தாமல் சுட்டுமிருந்தார். மாணவனை மதிப்பதற்கு இதைவிட நேர்மையான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பெருமையும் ஓர் எச்சரிக்கையும்

1956-ல் மெல்போர்னில் மூன்றாம் தடவையாகப் போட்டியிட்டார் டாகாச். அந்த வருஷம் ஹங்கேரிக்குத் துயர வருஷம். அக்டோபரில் மக்கள் கிளர்ச்சி எழுந்தது. நவம்பர் தொடக்கத்தில் சோவியத் படைகள் அதை நசுக்கின. அந்த நவம்பர் மாதத்திலேயே ஒலிம்பிக்கும் கூடிற்று. டாகாசுக்கு எட்டாம் இடம் கிடைத்தது. நாற்பத்தாறு வயதில், உலகத்தின் சிறந்த சுடுவோர் நடுவில் எட்டாம் இடம் என்பதும் இகழத்தக்கதன்று. ராணுவத்தில் லெப்டினெண்ட் கர்னல் பதவி வரையில் உயர்ந்தார். ஆபீஸர் அல்லர் என்று ஒரு காலத்தில் தடுக்கப்பட்டவருடைய வாழ்க்கை இப்படிச் சென்றது.

அறுபத்தாறு வயது நிறைவதற்குப் பதினாறு நாள் இருக்கையில் அவர் இறந்தார்.

இவ்விதமான வரலாறுகளைப் படிக்கும்போது ஓர் அபாயம் உண்டு. ஊனம் ஒரு வரப்பிரசாதம், துன்பமே மனிதனை உயர்த்துகிறது என்றெல்லாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கம் இழந்த ஒருவரைப் பார்த்து, "டாகாச் செய்யவில்லையா, நீ ஏன் செய்யக்கூடாது?" என்று கேட்பது போன்ற கொடுமை வேறில்லை. அந்தக் குண்டு வெடிக்காமல் இருந்திருந்தால் நன்றாகவே இருந்திருக்கும். அவருக்கு உதவியவை பலவும் உண்டு: முன்னமே பெற்றிருந்த தேர்ச்சி, வெடிப்பில் தப்பிய ஒரு கை, போட்டியில் இடங்கொடுத்த தோழர்கள். கடைசியில் சொன்னதைச் சிறிதாக எண்ணக்கூடாது. 1936-ல் முழு உடலோடு இருந்தவருக்கு மூடியிருந்த வாசல், 1939-ல் ஒரு கையோடு வந்தவருக்குத் திறந்திருந்தது. வாசல் திறந்திராவிட்டால் அவருடைய தவம் அத்தனையும் ஓர் அறைக்குள்ளேயே முடிந்திருக்கும்.

ஒலிம்பிக் சரித்திரத்தில் அவருக்கு முன்னோடிகளும் உண்டு. 1904-ல் ஸெயிண்ட் லூயி நகரில், மரக்கால் பூண்ட ஜார்ஜ் ஐஸர் தேகப்பயிற்சிப் போட்டிகளில் தங்கம் வென்றார். டாகாசின் நாட்டவரேயான ஒலிவேர் ஹலாஸி, ஒரு காலில் பாதத்தை இழந்தவர். நீர்ப்பந்தாட்டத்தில் 1932-லும் 1936-லும் தங்கம் பெற்ற ஹங்கேரி அணியில் விளையாடினார்.

லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29-ந் தேதியன்றே, அதே இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இன்னொரு சிறு போட்டி நடந்தது. ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த டாக்டர் லுட்விக் குட்மன், யுத்தத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருந்த பதினாறு ஆண் பெண் படைவீரர்களை அம்பு எய்யச் செய்தார். அங்கே ஊன்றிய விதைதான் பின்னால் பாராலிம்பிக் என்னும் பெரிய மரமாயிற்று. பிஸ்லியில் இருந்தவரும் ஸ்டோக் மாண்டவிலில் இருந்தவர்களும் ஒரே காரியத்தையே அந்த வாரங்களில் செய்துகொண்டிருந்தார்கள்: எஞ்சிய உடம்பைக் கொண்டு ஒரு குறியை அடைவது.

அந்த மரத்தின் நிழல் நம் நாட்டின்மேலும் விழுந்திருக்கிறது. பதினொரு வயதில் மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட ராஜஸ்தானத்துப் பெண் அவனி லேகரா, 2021-ல் டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தங்கம் வென்றார். 2024-ல் பாரிஸில் அதே போட்டியில் மறுபடியும் வென்றார். டாகாச் 1940-ல் போகவிருந்த டோக்கியோவில், எண்பது வருஷம் கழித்து, நம் பெண்ணொருத்தி குறி தவறாமல் சுட்டாள் என்று நினைக்கையில் உள்ளம் நிறைகிறது.

இறந்து போனவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை பலவகை. வீரனுக்குச் சிலை வைக்கலாம். அவன் பெயரால் ஒரு மண்டபம் கட்டலாம். டாகாசுக்குப் பொருத்தமானது வேறு என்று தோன்றுகிறது. நம் பள்ளிக்கூடங்களில் பரீட்சை தவறிய பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுகிறோம். மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவனை வகுப்பே கண்டு சிரிக்கிறது. அந்த வகுப்பில் இந்த ஹங்கேரிச் சிப்பாயின் கதையை ஆசிரியர் ஒரு நாள் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எல்லோரையும் மற்றக் கையில் பென்சிலைப் பிடித்து "அ" என்று ஓர் எழுத்து எழுதச் சொல்ல வேண்டும். கோணலும் மாணலுமாக அந்த எழுத்து வந்து விழும்போது ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.